இரவல் எழுத்தில் ருஷ்ய உச்சரிப்பு

ஆசிரியர் துணையின்றி ருஷ்ய பாஷையைக் கற்க விரும்பும் ஆங்கிலேயருக்கென்று எழுதப்பட்ட சுயபோதினிகளிலும், பிரயாணிகளின் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் சம்பாஷணைக் கையேடுகளிலும், ருஷ்ய வாக்கியம் ஒன்றை அச்சிட்டு, அதன் அருகிலேயே அவ்வாக்கியத்தின் ஒலியை ஆங்கில எழுத்துக்களால் எழுதிக் காட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஹியூகோ நிறுவனத்தார் தங்கள் பாஷைப் புத்தகங்களில் இதற்குப் 'பாவனை உச்சரிப்பு' என்று பொருள்படும் பெயரையே சூட்டியிருந்தார்கள். ஒலிநூல் வல்லார் இவ்வழக்கத்தைக் கண்டால் முகஞ்சுளிப்பார்கள். கற்பவர்களோ அதைக் கைவிடச் சம்மதிப்பதில்லை. இரு தரப்பாருடைய வாதங்களையும் நிதானித்துப் பார்க்கையில், தூஷிப்பவர்கள் அதன் மெய்யான குறையையும், போற்றுகிறவர்கள் அதன் மெய்யான பலனையும் பெரும்பாலும் கவனியாமலே பேசிவருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நிய லிபியின் தொல்லையிலிருந்து இது நம்மைக் காப்பாற்றுகிறதே என்பதுதான் போற்றுகிறவர்கள் முதலில் சொல்லும் சமாதானம். ருஷ்ய நெடுங்கணக்கில் உள்ள எழுத்துக்கள் 33. அவற்றுள் சில ஆங்கில எழுத்தின் வேஷத்தைத் தரித்துக்கொண்டு வேறு ஒலியைத் தருபவை. ஆங்கிலத்துப் 'பீ' வடிவம் அங்கே ரகரம். 'ஸீ' வடிவம் ஸகரம். 'எச்' வடிவம் னகரம். மாஸ்கோ நகரத்து உணவுச்சாலையின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் 'பெக்டோபா' என்று படிக்கும் வெள்ளைக்காரப் பிரயாணியைப் பற்றிய பரிகாசம் மிகப் பழையது. பலகையில் எழுதியிருப்பது 'ரெஸ்தரான்' என்பதைத் தவிர வேறில்லை. ஆனால் இந்த மயக்கம் சில நாள் அப்பியாசத்தில் தெளிந்துவிடக் கூடியது. சில நாள் சிரமத்துக்கு அஞ்சி வருஷக்கணக்கில் இரவல் எழுத்தில் ஒண்டிக்கொண்டிருப்பதை அனுகூலம் என்று சொல்வதற்கில்லை.

இவ்வழக்கத்தின் உண்மையான பலன் வேறோரிடத்தில் இருக்கிறது. ருஷ்ய பாஷையில் ஒரு சொல்லின் ஓர் அசை மற்றவற்றைக் காட்டிலும் ஓங்கி ஒலிக்கவேண்டும். அந்த அசை முதலிலா, நடுவிலா, கடையிலா என்று தீர்மானிக்க எளிய பொதுவிதி எதுவும் கிடையாது. வேற்றுமை ஏற்று ஒரு சொல் உருமாறும்போது அழுத்தம் ஓரசையிலிருந்து மற்றோர் அசைக்குத் தாவிவிடுவதும் உண்டு. ஒரே விதமாய் எழுதப்படும் ஒரு சொல், முன்னசை அழுந்தி 'ஸாமக்' என்றால் கோட்டையாகவும், பின்னசை அழுந்தி 'ஸமோக்' என்றால் பூட்டாகவும் நிற்கும். அழுத்தம் பெறாத உயிர்கள் தம் உருவத்தை இழந்து மங்கிப்போகும். பாலைக் குறிக்கும் சொல்லில் ருஷ்யர் எழுதுவது மூன்று ஒகரங்கள். வாயில் வருவதோ ஏறக்குறைய 'மலக்கோ' என்பதாம். கடைசி ஒகரம் ஒன்றே ஒகரமாய் நிலைக்க, நடுவில் உள்ளது அகரச் சாயலைப் பெற, முதலாவது அரை முனகலாய் ஒடுங்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் ஆதாரமான அழுத்தக்குறியை ருஷ்யர் தம் பத்திரிகைகளிலும் நாவல்களிலும் அச்சிடுவதே இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில், அழுந்தவேண்டிய அசையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் காட்டும் பாவனை உச்சரிப்பு ஆங்கிலேயருக்குச் செய்யும் உபகாரம் சாமானியமானதன்று. தம் சொந்த பாஷையில் 'போட்டோகிராப்' என்னும்போது முதலசையையும், 'போட்டோகிராபர்' என்னும்போது இரண்டாம் அசையையும் அழுத்தி, மற்ற உயிர்களை யோசனையின்றி விழுங்கிப் பழகியவர் அவர். ஆதலால் ஓங்கவேண்டிய அசை இன்னதென்று சுட்டிவிட்டால் போதும். ஏனையவை தாமாகவே ஒடுங்கிக்கொள்கின்றன. எழுதியதை எழுதியபடியே முழுதாக ஒலித்துப் பழகிய தமிழருக்கு இது இவ்வளவு சுலபத்தில் கைவராது. நீண்ட சொற்களில் மட்டும் ஆங்கிலேயரின் இந்தச் சாமர்த்தியமே அவரைச் சற்றுத் தடுக்கி விழச் செய்யும்; உபாத்தியாயரைக் குறிக்கும் ஐந்தசைச் சொல்லில் நாலாம் அசை ஒன்றே ஓங்கவேண்டியிருக்க, அவர் முதலசைக்கும் ஒரு சிறு அழுத்தத்தைத் தானம் செய்துவிடுவார்.

மற்றொரு நன்மையும் உண்டு. அதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. ருஷ்ய எழுத்தே ருஷ்ய ஒலியை ஏமாற்றும் இடங்கள் சில இருக்கின்றன. 'அவனை' என்னும் பொருளுடைய சொல்லை அவர்கள் ககரத்தின் மெலிந்த ஒலிக்குரிய எழுத்தையிட்டு எழுதுவார்கள். படிப்பதோ 'யிவோ' என்று. 'இன்று' என்பதைக் குறிக்கும் சொல்லிலும் இதே கதைதான். வணக்கம் சொல்லும் வார்த்தையில் மெய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நடுவில் ஒரு வகரம் எழுத்தளவில் இருந்து ஒலியளவில் இல்லாதொழிகிறது. ஆண்டைக் குறிக்கும் சொல்லின் ஈற்றில் எழுதப்படும் மெலிந்த தகரம் 'கோத்' என வன்மையாகவே முடியும். இவ்விடங்களிலெல்லாம் சுதேச லிபியைக் காட்டிலும் இரவல் லிபியே சத்தியம் பேசுகிறது என்று சொன்னால் விபரீதமாகத் தோன்றும். ஆயினும் விஷயம் அப்படித்தான்.

இனிக் குறையைப் பார்க்கலாம். ருஷ்ய மெய்களிற் பெரும்பாலானவை இரட்டையாய் நிற்பவை. ஒன்று கடினம், மற்றொன்று மிருது. நம் இலக்கணத்து வல்லினம் மெல்லினம் என்னும் பாகுபாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தகரத்தை ஒலிக்க நாவின் நுனி பல்லைத் தொடும் அதே க்ஷணத்தில், நாவின் நடுவுடல் இகரத்தை ஒலிக்கப் போவதுபோல் அண்ணத்தை நோக்கி எழும்புமானால், அது மிருதுவான தகரம். 'ப்ராத்' என்று கடினமாய் முடித்தால் சகோதரன். மிருதுவாய் முடித்தால் எடுத்தல். 'ஊகல்' என்பதன் ஈற்று லகரம் கடினமானால் மூலை, மிருதுவானால் நிலக்கரி. நான் இங்கே எழுதும் தமிழெழுத்தும் இந்த பேதத்தைக் காட்ட வகையறியாமல் நிற்கிறது என்பதை வாசகர் கவனிக்கலாம்.

ஆங்கில எழுத்தைக் கொண்டு இதைக் காட்டப் புகுந்தவர்கள் மெய்யெழுத்தை அடுத்து 'வொய்' எழுத்தைச் சேர்க்கிறார்கள், அல்லது ஒரு சிறு மேற்கொம்பை இடுகிறார்கள். கொம்பைக் கற்பவர் கண்டுகொள்வதே இல்லை. 'வொய்' எழுத்தையோ தனி யகரமாக ஒலித்துவிடுகிறார். ஏககாலத்தில் நிகழவேண்டிய இரண்டு அசைவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, 'இல்லை' என்னும் சிறு சொல் 'ந்-யெட்' என்று இரண்டாக உடைகிறது. அங்கே வேண்டியிருப்பது நம்முடைய ஞகரத்துக்கு மிக அணித்தான ஒரே ஒலி. சொல்லின் ஈற்றில் மிருதுவான மெய் வந்தால் கேடு இன்னும் அதிகம். யகரம் இகரமாகி, ஓரசைச் சொல்லுக்கு இல்லாத இரண்டாம் அசை ஒன்று முளைத்துவிடும். போதாக்குறைக்கு, உதடு குவியாத நம் குற்றியலுகரத்தை ஓரளவு ஒத்த ஓர் உயிர் ருஷ்யத்தில் இருக்கிறது. பல புத்தகங்கள் அதையும் அதே 'வொய்' எழுத்தாலேயே குறிக்கின்றன. தனி யகரமும் அதுவே, மிருதுத்தன்மையின் அடையாளமும் அதுவே, இந்த உயிரும் அதுவே என்றால், கற்பவர் எதைக் கொண்டு எதைத் தெளிவார்?

எழுத்துத் தோராயமானது என்பதைக் குற்றமாக நான் கூறவில்லை. எந்த லிபியும் தோராயந்தான். கற்பவருக்கு ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று என்ற சந்தேகமே எழாதபடி அது செய்துவிடுகிறதே, அதுதான் குற்றம். அறிமுகமில்லாத எழுத்தைக் காணும்போது காது சற்று விழித்துக்கொள்ளும். அறிமுகமான எழுத்தோ, அவருடைய பழைய ஒலிகளையே திரும்பத் திரும்ப அழைத்து வருகிறது. நுனிநாவைப் பல்லில் வைக்காமல் மேலீற்றில் வைத்து, சொல்லின் முதலில் மூச்சையும் சிந்தி அவர் ஒலிக்கும் ஆங்கில 'டீ', ருஷ்யரின் சுத்தமான தகரத்தின் ஸ்தானத்தில் யாதொரு கூச்சமுமின்றி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது மட்டுமா? ஆங்கிலம் என்பதே ஒன்றல்லவே. தென் இங்கிலாந்தின் ஆசிரியர் ஈற்று ரகரத்தை ஒலியாதவர். மங்கிய அகரத்தைக் காட்ட அவர் 'எர்' என்று எழுதினால், அமெரிக்கர் இல்லாத ரகரத்தை நன்றாய் உருட்டிவிடுவார்.

பாவனை எந்தத் தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு ஆங்கில மாணவரிடையே வழங்கும் ஒரு விளையாட்டே சாட்சி. 'நான் உங்களைக் காதலிக்கிறேன்' என்னும் ருஷ்ய வாக்கியத்தை நினைவில் நிறுத்த, மஞ்சள் நீல பஸ் என்று பொருள்படும் 'யெல்லோ புளூ பஸ்' என்ற சொற்களை அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ருஷ்ய வாக்கியம் 'ய லியுப்லியூ வாஸ்' என்பது. 'புளூ' என்பது ஓங்கவேண்டிய அசையிலேயே வந்து விழுகிறது. 'பஸ்'ஸின் உயிரும் தூரமில்லை. ஆயினும் மிருதுவான லகரம் இரண்டும் தொலைந்தன, வகரம் பகரமாயிற்று, 'யெல்லோ'வின் முதலசை அநாவசியமாய் ஓங்கிற்று. ஞாபகத்துக்கு மெத்தச் சரி, காதலிக்கு எப்படியோ!

கையேடுகளின் பாவனை கற்பவரோடு நின்றுவிடும். பத்திரிகைகளின் ஒலிபெயர்ப்பு ஒரு தேசத்தையே பிடித்துக்கொள்கிறது. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஏவிய செயற்கைச் சந்திரன் 'ஸ்பூத்னிக்' என்று ஒலிக்க வேண்டியது, எழுத்தைக் கண்ட ஆங்கிலேயர் பலர் நாவில் 'ஸ்பட்னிக்' ஆயிற்று. குருஷேவ் என்று நாமும் வழங்கும் பெயரின் கடைசி அசையில் ஒகர ஒலியும் அழுத்தமும் இருக்கின்றன. ருஷ்ய அச்சில் அவ்வெழுத்தின்மேல் வரவேண்டிய இரு புள்ளிகளைச் சாதாரணமாய் விட்டுவிடுவதால், ஆங்கிலத்தில் அது எகரமாகி, அழுத்தமும் முன்னசைக்கு நகர்ந்துவிட்டது. இத்தகைய பிறழ்ச்சியிலிருந்து கலையை எடுத்தவர் ஆந்தனி பர்ஜெஸ் ஒருவரே. 1962-இல் வெளிவந்த 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில், 'நன்று' என்னும் பொருளுடைய 'கரஷோ'வை ஆங்கிலச் செவியில் விழுந்தபடியே 'ஹாரர்ஷோ' ஆக்கி, முரட்டு இளைஞர்களின் கொச்சையில் கலந்துவிட்டார். கடையசையின் அழுத்தம் முதலசைக்கு மாறியதைக் குறையென்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

இரவல் எழுத்துக்கு மாற்றாக ஒலிநூலார் தந்தது சர்வதேச ஒலிக்குறிகள். டிரோபிமோவும் டேனியல் ஜோன்ஸும் சேர்ந்து 1923-இல் வெளியிட்ட ருஷ்ய உச்சரிப்பு நூல் அவ்வழியில் முன்னோடி. நுட்பத்தில் அதற்கு ஈடாக ஒரு கையேட்டையும் சொல்ல முடியாது. ஆனால் ருஷ்யம் கற்க வந்தவர் முதலில் மற்றொரு குறியீட்டையும் கற்றாக வேண்டும் என்பது, தனியே படிக்கிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. 1951 முதல் 1960 வரை பிரிட்டிஷ் ராணுவத்தார் பாட்மின், கோல்ஸ்டன், கிரெய்ல் ஆகிய இடங்களில் நடத்திய கூட்டுப்படைப் பாஷைப் பள்ளியில், கட்டாய சேவைக்கு வந்த இளைஞர்களுக்கு ருஷ்யத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் பலர் நேரிலேயே போதித்தார்கள். ஆலன் பென்னட், மைக்கேல் பிரெய்ன் போன்ற பிற்கால எழுத்தாளர்கள் அங்கே பயின்றவர்கள். காலை முதல் மாலை வரை சுதேசியின் குரல் காதில் விழும் இடத்தில் பாவனை எழுத்துக்கு வேலையில்லை. அந்த வசதி கிடைக்காதவர்களுக்கென்று ஏற்பட்டதே கையேடு என்பதை மட்டும் ஒலிநூலார் சௌகரியமாய் மறந்துவிடுகிறார்கள்.

தமிழர் நிலையும் இதில் முற்றும் அந்நியமானதன்று. ஆங்கில எழுத்தின் வழியே வந்ததனால்தான் நமக்கு அவர் டால்ஸ்டாய். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தார் மூலத்தை நேரே பார்த்து 'லேவ் தல்ஸ்தோய்' என்று அச்சிட்டபோது, பல்லில் பிறக்கும் அந்தத் தகரம் நம் நெடுங்கணக்கில் ஏற்கெனவே காத்திருந்தது தெரியவந்தது.

ஆங்கில மாணவருக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், இரவல் எழுத்துக்களை முதற் சில பாடங்களோடு அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் காட்டிய அழுத்தத்தை மட்டும் ருஷ்ய எழுத்தின் தலைமேல் ஒரு சிறு கோடாய் மாற்றிக்கொள்ளலாம். நல்ல பாடப்புத்தகங்கள் அப்படியே செய்கின்றன. மிருதுவான மெய்யை இசைத்தட்டிலிருந்தோ மனிதர் வாயிலிருந்தோ கேட்டுத்தான் பிடிக்கவேண்டும். அந்தச் சிறு கோட்டை நாடுவதில் அவருக்கு லஜ்ஜை வேண்டியதில்லை. ருஷ்யத்திலேயே பிறந்து வளர்ந்து, பேசுவதையே உத்தியோகமாகக் கொண்ட வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களுக்கென்று 1960-இல் மாஸ்கோவில் தனியாக ஓர் அழுத்த அகராதி வெளியிட வேண்டியிருந்தது.