அலையில்லாக் கடலும் ஆபத்தில்லாக் கடலும்

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற பிறகு, பலகை ஏற ஆசைப்படுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அதோடு கூடவே ஒரு பட்டியல் பழக்கமும் பரவிவிட்டது. எந்தக் கரை புதியவர்களுக்கு ஏற்றது, எந்தக் கரை தேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று கரைகளுக்கு முத்திரை குத்துகிற பழக்கம் அது. ராமேசுவரம் தீவையும், அதை ஒட்டிய மண்டபம், அரியமான், பிரப்பன்வலசைக் கரைகளையும், மேற்கே ஏர்வாடி வரைக்கும், பழகுகிறவர்களுக்கு உகந்தவை என்று சொல்கிறார்கள். காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: இங்கே கடல் அமைதி.

அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு. இன்று நேற்று வந்த வழக்கல்ல.

அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. தென்கிழக்கே இலங்கை மறித்து நிற்பதால் பெருங்கடலின் அலை பாக் விரிகுடாவுக்குள் வந்து சேர்வதில்லை. ஆழமும் அங்கே பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். மன்னார் வளைகுடாப் பக்கம் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகளும் தெற்கிலிருந்து வரும் அலையைத் தாங்கிக்கொண்டு மிச்சத்தை மட்டுமே கரைக்கு விடுகின்றன. தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. பல இடங்களில் விழுந்தால் இடுப்பளவு தண்ணீர், காலை ஊன்றினால் மணல். கைட் சர்ஃபிங் பழகுகிறவர்களுக்குத் தனுஷ்கோடி மணல்திட்டுகளுக்கு நடுவே தேங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பைப் போல் இன்னொரு இடம் தமிழ்நாட்டில் எளிதில் அமையாது. உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர் இதில் பிழைப்பும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது, அமைதியைப் பாதுகாப்பு என்று படிப்பது.

இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் தீவுக்கு இரண்டு கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கடல் சாது, அங்கே பழகு. ஆண்கடல் முரடு, அங்கே போகாதே. பெயர் வைத்தவர்களோ பெயரை மட்டும் நம்பி ஒருநாளும் தொழிலுக்குப் போனதில்லை. ஐப்பசியில் வாடை கிளம்பிவிட்டால் சீறுவது பெண்கடல்தான். அந்த மாதங்களில் ஆண்கடல் குளம்போலக் கிடக்கும். சித்திரை பிறந்து தெற்குக் காற்று வலுத்தால் தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை அடங்கும். வாடைக் காலத்தில் பாக் விரிகுடா மீனவர்களில் பலர் வலையை எடுத்துக்கொண்டு மன்னார் வளைகுடாப் பக்கம் மாறிவிடுவது காலங்காலமாக நடப்பது. ஒரே கரை ஆண்டில் பாதி நாள் ஒரு குணம், மீதி நாள் வேறு குணம். அதன் மேல் ஒரு முத்திரையை நிரந்தரமாகக் குத்துவது எப்படி நியாயமாகும்?

பருவத்தைச் சேர்த்துச் சொன்னால் போதுமே என்று தோன்றலாம். போதாது. இன்னும் ஒரு படி இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு பக்கத்துக் கடல் ஏன் அடங்குகிறது?

காற்று அலையை வளர்க்க அதற்குத் தண்ணீர் மேல் ஓட நீளம் வேண்டும். நிலத்தைக் கடந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த நீளம் கிடைப்பதில்லை. அதனால்தான் அந்தக் கரையோரம் கண்ணாடிபோல் தெரிகிறது. அதாவது, தண்ணீர் அங்கே தட்டையாக இருப்பதே காற்று கரையிலிருந்து கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதால்தான். பழகவந்தவரைக் கரையை விட்டு வெளியே தள்ளும் காற்றும், அவர் கண்ணுக்கு அமைதியைக் காட்டும் காற்றும் ஒன்றே.

இதை நம் விடுமுறைகளோடு வைத்துப் பாருங்கள். பொங்கல் விடுமுறையில் வருகிற கூட்டம் பெண்கடலின் சீற்றத்தைப் பார்த்துவிட்டு ஏர்வாடி, கீழக்கரை, மண்டபத்தின் தென்கரை என்று இறங்குகிறது. அப்போது வாடை நிலத்தைத் தாண்டிச் சாய்வாக மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது. கோடை விடுமுறையில் வருகிற கூட்டம் தெற்குக் கரையின் கொந்தளிப்பைப் பார்த்துவிட்டு அரியமானுக்கும் பிரப்பன்வலசைக்கும் போகிறது. அப்போது தெற்குக் காற்று குறுகலான நிலத்தைத் தாண்டிப் பாக் விரிகுடாவுக்குள் போகிறது. அமைதி ஒன்றையே அளவுகோலாக வைத்தால், இரண்டு விடுமுறையிலும் புதியவர்கள் தேடிப்போய் நிற்பது காற்று வெளியே தள்ளுகிற கரையில்தான்.

ஒரு தை மாதக் காலையில் ஏர்வாடிக் கரையில் கண்டதைச் சொல்கிறேன். நகரத்திலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் நின்றபடி துடுப்புப் போடுகிற பலகைகளோடு நின்றார்கள். கடல் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. வள்ளத்தின் நிழலில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம், "பாய், இங்க எறங்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். பெரியவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்கவில்லை. தண்ணீரில் நங்கூரமிட்டுக் கிடந்த இன்னொரு வள்ளத்தைத் தாடையால் காட்டினார். அதன் முன்பக்கமான அணியம் கரையைப் பார்த்திருந்தது. பின்பக்கம் கடலைப் பார்த்திருந்தது. கயிறு விறைத்து நின்றது.

"அது நிக்கிதுல்ல தம்பி, கயித்துல கட்டிக் கெடக்கு, அதான் நிக்கிது. ஒங்களுக்குக் கயிறு எங்க?"

புதியவருக்கு ஏற்ற கரை எது என்பதைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. நங்கூரமிட்ட வள்ளம் காற்றும் நீரோட்டமும் வருகிற திசைக்கு முகம் கொடுத்து நிற்கும். அதன் முகம் கரையைப் பார்த்தால் மிதப்பது எல்லாம் கடலுக்குள் போகிற நேரம் அது. பலகை மேல் நிமிர்ந்து நிற்கும் மனித உடம்பு ஒரு பாய்மரம். கரையோரத்து மறைப்பைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனதுமே காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். போவது சுகமாக இருக்கும். "நன்றாக வருகிறதே" என்று பழகுபவர் நினைப்பார். திரும்பும்போதுதான் கை ஓயும். வெளியே இருப்பது குளத்தின் மறுகரை அல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு வேறு. தொழில் தெரிந்தவர்களையே அந்தக் கோடு படுத்துகிற பாடு இந்தக் கரையில் எல்லோரும் அறிந்தது.

தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்கள் கரையிலிருந்து வீசும் காற்றை விரும்புவதில்லையா என்று கேட்பார்கள். விரும்புவார்கள். அது அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்கும். அவர்களுக்கு எதிர்க்காற்றில் படுத்துக் கைபோட்டுத் திரும்பி வரத் தெரியும். புதியவருக்குத் தெரியாத வித்தை அதுதான். அவருக்கு ஏற்றது கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்று. அந்தக் காற்றில் தண்ணீர் கொஞ்சம் கலைந்திருக்கும், படத்துக்கு அழகாக வராது. ஆனால் விழுந்தவரைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

இந்தப் பிழை நம் கரைக்கு மட்டும் உரியதல்ல. அலை உடைகிற கடற்கரைகளிலும் இதே கண்தான் ஏமாற்றுகிறது. வரிசையாக அலை நுரைத்து உடையும் கரையில், நடுவே ஒரு துண்டு மட்டும் உடையாமல் சாந்தமாகத் தெரியும். குளிக்க வருகிறவர்கள் அந்த இடைவெளியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கரைக்கு ஏறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அது. இழுப்பு அங்கேதான். இன்னொன்று, கள்ளக்கடல். எங்கோ தென்பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றும் மேகமும் இல்லாத நாளில் வந்து கரையில் மோதுவது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது அப்படிக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை ராமநாதபுரம் கரைக்கும் விடுவதுண்டு. வானத்தைப் பார்த்தும் தண்ணீரின் தட்டையைப் பார்த்தும் கரையைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

பட்டியலுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இரண்டு சமாதானம் சொல்கிறார்கள். முதலாவது, பட்டியல் வெறும் தொடக்கம், மிச்சத்தைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்பது. நல்ல பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்தான். மீட்புப் படகு வைத்திருப்பார், காற்று மாறினால் வகுப்பை நிறுத்துவார். ஆனால் உகந்த கரை என்ற முத்திரையின் வேலையே பயிற்சியாளர் தேவையில்லை என்று நினைக்கவைப்பது. உகந்த கரைதானே என்று வாடகைக்குப் பலகை எடுத்துத் தனியாக இறங்குகிறவர்களுக்கு யார் பொறுப்பு? இரண்டாவது சமாதானம் மிதவைச் சட்டை. மிதவைச் சட்டை ஆளை மிதக்கவைக்கும், கரைக்குக் கொண்டுவராது. காற்று வெளியே தள்ளும் நாளில் அது தள்ளப்படுகிறவரை இன்னும் நெடுநேரம் தள்ளப்பட வைக்கும், அவ்வளவுதான்.

கடலை அறிந்தவர்கள் இப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்திலேயே இலங்கையைப் பாருங்கள். பொத்துவிலை ஒட்டிய அறுகம் குடாவுக்கு ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, வெலிகமைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்று அங்கே முதல் கேள்வியே மாதம்தான். அதன் பிறகுதான் அடிநிலம். வெலிகமையில் மணல் என்பதால் புதியவர்களுக்கு, அறுகம் குடாவின் பெரிய முனையில் அடியில் பாறை என்பதால் பழகியவர்களுக்கு. அதே குடாவுக்குள் சற்றுத் தள்ளிச் சிறிய முனை ஒன்று பழகுபவர்களுக்கு. கரையின் பெயரைச் சொன்னதோடு அங்கே பேச்சு முடிவதில்லை.

நம் பக்கத்து அடிநிலமும் ஒரே சீராக இல்லை. ஆழம் குறைவு என்று மகிழ்கிற இடத்தில் அடியில் மணலா, பவளமா என்று கேட்க வேண்டும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டு, காலுக்கும் காப்புப் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். ஆழம் குறைந்த மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். அங்கே காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். பட்டியல் படித்து வந்தவருக்கு யார் சொல்வது? மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளம் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் சொத்து என்பதும், அந்தத் தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் அலைச்சறுக்கு வேரூன்றியதற்குக் காரணம் அந்தக் கரையின் அலை மட்டுமல்ல. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் பலகை ஏறினார், மற்றவர்களையும் ஏற்றினார். பலகைக்கு முன்பே அவருக்குக் கடல் தெரிந்திருந்தது. நம் பக்கம் நடப்பது தலைகீழ். நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எப்போது மாறும் என்று நாள்தோறும் படித்துப் பிழைக்கிறவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் கேட்காமல் வெளியூரில் முத்திரை தயாராகிறது. எனக்கு இதைப் பட்டியல் என்று சொல்லவே மனம் வரவில்லை. சனி, ஞாயிறில் அறை நிரப்புவதற்கான விளம்பரம் என்றுதான் சொல்வேன். விடுதிக்கு முன்பதிவு நாள் உண்டு, கடலுக்குக் கிடையாது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. அரியமான், பிரப்பன்வலசை, தனுஷ்கோடி, ஏர்வாடி என்று ஆட்கள் இறங்குகிற ஒவ்வொரு கரையிலும் ஒரு கரும்பலகை வேண்டும். இன்று காற்று எங்கிருந்து, நீரோட்டம் எந்தப் பக்கம், புதியவர் இறங்கலாமா என்ற மூன்றையும் அந்தக் கரையின் மீனவர் ஒருவர் காலையில் எழுத வேண்டும். அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர் கூடாது என்று எழுதிய நாளில் அந்தக் கரையில் யாருக்கும் பலகை வாடகைக்குப் போகக்கூடாது.

அதுவரை, பழக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கரையில் வந்து நின்றதும் தண்ணீரைப் பார்க்காதீர்கள். நங்கூரமிட்டுக் கிடக்கும் வள்ளத்தைப் பாருங்கள். அதன் அணியம் கரையைப் பார்த்திருந்தால், கடல் எவ்வளவு அமைதியாகக் கிடந்தாலும், அன்று பலகையை மணலிலேயே வைத்துவிடுங்கள்.