கட்டைவிரல் அளவு

'ரூல் ஆஃப் தம்ப்' என்ற ஆங்கிலத் தொடரை மாணவிகள் சிலர் 'கட்டைவிரல் விதி' என்று பெயர்த்துவிடுகிறார்கள். தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: குத்துமதிப்பு. பானையில் அரிசிக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் என்கிறோமே, அந்தக் கைக்கணக்குதான். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இப்பொருளில் இது வழங்கியது.

பெண்ணியக் கூட்டங்களில் இதே தொடரைச் சொன்னால் முகங்கள் இறுகும். கட்டைவிரலைவிடப் பருமனில்லாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்ற பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்தே தொடர் பிறந்தது என்று அங்கே நம்பப்படுகிறது. 1782இல் நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிச் சொன்னதாகப் பேச்சு எழ, ஜேம்ஸ் கில்ரே அவரைக் கோல் விற்பவராகக் கேலிச்சித்திரம் தீட்டினார். ஆனால் புல்லரின் அப்படியொரு தீர்ப்பு எங்கும் இல்லை. தொடரையும் கோலையும் இறுக முடிச்சுப் போட்டது 1970களின் அமெரிக்கா. 1982இல் அந்நாட்டுக் குடிமை உரிமை ஆணையம் அடிபடும் மனைவியர் பற்றிய தன் அறிக்கைக்கே இத்தொடரைத் தலைப்பாக்கியது.

இந்தப் பிறப்புக் கதையை நாம் விட்டுவிடலாம் என்பேன். 1994இல் கிறிஸ்டினா ஹாஃப் சாமர்ஸ் இதன் பிழையைக் காட்டியே பெண்ணிய ஆய்வுகளின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கினார். கையில் ஆவணம் இருக்கும்போது கதைக்காக ஏன் அடி வாங்க வேண்டும்?

ஆவணம் வட கரோலினாவில் இருக்கிறது. 1868இல் மனைவியை மூன்று அடி அடித்த ஒருவனை, கோல் கட்டைவிரலைவிடச் சிறியது என்று கீழ்நீதிமன்றம் விடுவித்தது. மாநில உச்ச நீதிமன்றம் கோலின் அளவை ஏற்கவில்லை, விடுதலையை ஏற்றது. குடும்பத்துக்குள் நடக்கும் சிறு விஷயங்களில் சட்டம் தலையிடாது என்பதே அது சொன்ன காரணம். இது எனக்குக் கோலைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது. கோலையாவது அளக்கலாம். 'சிறு விஷயம்' என்பதை அளப்பது யார்?

1874இல் அதே நீதிமன்றம் கட்டைவிரல் அளவு இங்கே சட்டமல்ல என்று அறிவித்தது. அடித்தவனின் தண்டனையும் நிலைத்தது. நம் கட்டுரைகளில் பெரும்பாலும் மேற்கோள் இங்கேயே நின்றுவிடுகிறது. தீர்ப்பு நிற்கவில்லை. நிலையான காயமோ வன்மமோ கொடூரமோ இல்லையென்றால் திரையை இழுத்துவிட்டு, இருவரும் மறந்து மன்னித்துக்கொள்ள விடுவதே நல்லது என்று தொடர்கிறது. மறக்க வேண்டியவர் யார், மன்னிக்க வேண்டியவர் யார் என்று அதில் பிரித்துச் சொல்லப்படவில்லை.