அலுமினியத்துக்கு எந்தத் திரெட் மில்?

திரெட் மில் என்பது துளைக்குள் சுருள்பாதையில் சுற்றி வந்து மரை வெட்டும் கட்டர். வழக்கமாக மரை போடும் டேப், துளையின் சுற்றளவு முழுவதையும் ஒரே நேரத்தில் பிடித்து வெட்டுகிறது. சிப்ஸ் அடைத்தாலோ அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொண்டாலோ அது உள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்ளும். திரெட் மில் துளையை விடச் சிறியது என்பதால், முறிந்தாலும் துண்டை எளிதில் எடுத்துவிடலாம். பெங்களூரில் விமானப் பாகங்கள் செய்யும் ஷாப்புகளில் 6061, 7075 அலுமினிய பிளாக்குகளைப் பல மணி நேரம் குடைந்த பிறகே பெரும்பாலும் மரை போடும் கட்டம் வருகிறது. அந்த நேரத்தில் டேப் முறிந்தால் ஜாப் முழுவதுமே ரிஜெக்ட். திரெட் மில்லின் கூடுதல் விலைக்கு இதுவே முதல் நியாயம்.

இரண்டாவது நியாயம், ஒரே கட்டர் பல அளவுகளுக்கு உதவுவது. 1.5 பிட்ச் கட்டர் ஒன்று எம்10, எம்12×1.5, எம்14×1.5, எம்16×1.5 ஆகிய நான்கையும் வெட்டும். அலுமினியத்தில் கம்பிச்சுருள் இன்சர்ட் போடுவதற்கான பெரிய மரையையும், அதே பிட்ச் கட்டரைக் கொண்டு புரோகிராமில் விட்டத்தை மாற்றியே வெட்டிவிடலாம். தனி டேப் வாங்க வேண்டாம். கோ கேஜ் இறங்கவில்லையென்றால் ரேடியஸ் ஆஃப்செட்டைச் சற்று மாற்றி இன்னொரு சுற்று விட்டால் போதும்.

கட்டர்களில் இரண்டு வகைகள் முக்கியம். பல வரிசைப் பற்கள் கொண்டது மரையின் முழு நீளத்தையும் ஒரே சுற்றில் முடிக்கும், வேகம் அதிகம். ஆனால் பக்கவாட்டு அழுத்தத்தில் கட்டர் வளைவதால் ஆழமான துளையின் அடியில் மரை இறுகும். ஒற்றை வரிசைக் கட்டர் ஒவ்வொரு பிட்ச்சாக ஏறுவதால் நேரம் கூடும். அழுத்தம் குறைவு என்பதால் மெல்லிய சுவருக்கும் ஆழமான மரைக்கும் அதுவே ஏற்றது. பகுதி புரொஃபைல் உள்ளதை வாங்கினால் பல பிட்ச்சுகளுக்கும் பயன்படும். அதில் மரையின் உச்சி வெட்டப்படாது; எனவே துளை அளவு சரியாக இருக்க வேண்டும்.

கோட்டிங்கில் கவனம் தேவை. எஃகுக்கான டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங்கில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும். 6061-க்கும் 7075-க்கும் கூர்மையான, பாலிஷ் செய்த, கோட்டிங் இல்லாத கார்பைடு போதும். டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) கோட்டிங் இருந்தால் ஆயுள் கூடும். ஏடிசி12 போன்ற சிலிக்கான் மிகுந்த வார்ப்புகள் முனையைத் தேய்த்துவிடும். அங்கே டிஎல்சி அல்லது வைரக் கோட்டிங் அவசியம்.

எம்8×1.25 மரைக்கு 6.8 மி.மீ. துளையும் 6 மி.மீ. விட்டமுள்ள, மூன்று ஃபுளூட் கட்டரும் எடுத்துக்கொள்வோம். ஸ்பிண்டில் 8000 ஆர்பிஎம் என்றால் வெட்டுவேகம் நிமிடத்துக்குச் சுமார் 150 மீட்டர். பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் வெட்டுமுனையில் ஃபீட் நிமிடத்துக்கு 1200 மி.மீ. ஆனால் கட்டரின் மையம் போகும் வட்டம் மிகச் சிறியது; 8-இல் 6-ஐக் கழித்து 8-ஆல் வகுத்தால் கால் பங்கு. எனவே மையப்பாதைக்கு 300 மட்டுமே கொடுக்க வேண்டும். 1200-ஐ அப்படியே கொடுத்தால் பல்லுக்கு நான்கு மடங்கு சுமை ஏறும். வலக்கை மரைக்கு அடியிலிருந்து மேலே ஜி03-இல் ஏறுவது நல்லது: கிளைம்ப் கட்டிங் கிடைக்கும், சிப்ஸும் கட்டருக்கு அடியில் சிக்காது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: மெஷினில் ஹெலிகல் இன்டர்பொலேஷன் உண்டா, கட்டரின் கழுத்து மரை ஆழத்துக்குப் போதுமா, மெட்ரிக்குக்கான 60 பாகையா அல்லது பிஎஸ்பிக்கான 55 பாகையா, அடிமூடிய துளை என்றால் கட்டர் வழியே கூலன்ட் வருமா. பெங்களூர் தும்கூர் ரோடு பிஐஇசி வளாகத்தில் நடக்கும் இம்டெக்ஸ் கண்காட்சியில் பல தயாரிப்புகளை ஒரே இடத்தில் ஒப்பிடலாம். ஆர்டர் கொடுக்கும் முன் சொந்த ஜாபிலேயே ட்ரையல் கேட்பது இன்னும் நல்லது.

எம்6-க்குக் கீழே, ஊடுருவும் துளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ரிஜிட் டேப்பிங்கே சிக்கனம். விதவிதமான ஜாப் எடுக்கும் பெங்களூர் பீன்யா பகுதி ஷாப்புக்கு முதல் கட்டராக, கோட்டிங் இல்லாத ஒற்றை வரிசை வகை போதும். ஒரே பாகம் தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு பல வரிசைக் கட்டரில் முதலீடு செய்யலாம்.