கிளொக்கைப் பார்த்த பிறகே அலையைப் பாருங்கள்

நந்திக்கடலின் நீர்மட்டத்தை வற்றாப்பளைக் கரையிலிருந்து இரவுபகலாகப் பதிவுசெய்ய ஒருவர் விரும்பினால், அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஓர் அழுத்த உணரி, அதன் வோல்ற்றளவை எண்ணாக மாற்றும் ஏடிசி, அந்த ஏடிசியைத் தாங்கிய மதிப்பீட்டுப் பலகை, ஒரு மடிக்கணினி ஆகியவை போதும். வட்டுவாகல் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடக்கும் மாதங்களிலும், மாரியில் அது உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும் நாட்களிலும் இந்தக் கடனீரேரி எப்படி ஏறி இறங்குகிறது என்பது இறால் பிடிப்பவர்களுக்கும் கரையோரத்தில் வயல் செய்பவர்களுக்கும் உதவக்கூடிய தகவல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. மின்னியலும் இலத்திரனியலும் படிக்கும் பிள்ளைகள் வன்னியிலேயே இருக்கிறார்கள். அதனால் இந்தப் பலகைகளை எப்படிக் கையாளுகிறோம் என்ற கேள்வி நமக்குத் தொலைவான ஒன்றாக இல்லை.

இன்று எங்கும் பரவியுள்ள வழக்கம் இதுதான்: பலகையை யூஎஸ்பி வடத்தில் மாட்டுவது, உற்பத்தியாளரின் மென்பொருளை நிறுவுவது, கிளொக்கின், அதாவது ஏடிசி எப்போது மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பின், அமைப்புகளை வந்தபடியே விட்டுவிட்டு அலையைப் பதிவுசெய்வது. திரையில் கோடு ஓடத் தொடங்கியதும் கருவி தயார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்த வழக்கத்தில் பெரிய நன்மையும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஆபத்து கிளொக்கிலிருந்துதான் வருகிறது.

நன்மையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையானது. ஏடிசி ஒன்றின் தரவுத்தாள் சொல்லும் திறனை நிசத்தில் எட்டுவது கடினம். மின்வழங்கலை வடிகட்ட வேண்டும், நிலத்தொடுப்பைச் சரியாக இட வேண்டும், கிளொக் வரும் பாதையை மற்ற இலக்கச் சமிக்ஞைகளிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் இதையெல்லாம் செய்து, சுற்று வரைபடத்தையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். புதிதாகப் படிக்கும் ஒருவருக்கு அந்த வரைபடமே ஒரு பாடநூல். எல்லாவற்றையும் மாணவர் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்று வாதிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணம் நல்லது என்றாலும் அந்த வழியை நான் ஏற்கவில்லை. சொந்தமாகச் செய்த பலகையில் சொந்தமாக எழுதிய நிரல் ஓடி, விடை பிழையாக வந்தால், பிழை எந்தப் பக்கம் என்று தேடவே வழியில்லை. நன்றாக வேலைசெய்யும் என்று தெரிந்த பலகை ஒன்று கையில் இருந்தால் சந்தேகத்தைப் பாதியாக வெட்டலாம்.

ஆபத்தை ஒரு கணக்கோடு பார்ப்போம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏடிஎஸ்1256 என்பது 24 பிட் ஏடிசி. மெதுவாக மாறும் சமிக்ஞைகளுக்கு மிகவும் ஏற்றது. அதன் தரவுத்தாளில் உள்ள மாதிரி வேகங்கள் எல்லாம் 7.68 மெகாஹேர்ட்ஸ் கிளொக்கை அடிப்படையாக வைத்துக் கணிக்கப்பட்டவை. வினாடிக்கு 50 மாதிரி என்று அமைத்தால் அதன் வடிகட்டி 50 ஹேர்ட்ஸில் சரியாக ஒரு பள்ளம் தோண்டி, நம் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை அழித்துவிடும். இப்போது அந்த ஏடிசியின் பலகையில், அல்லது அதைப் பார்த்துச் செய்த மலிவான பலகையில், கிளொக்கைப் பிறப்பிக்கும் 8 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிப் மறுப்பே சொல்லாது. 10 மெகாஹேர்ட்ஸ் வரை அது ஏற்கும். மென்பொருளும் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது. ஆனால் மாதிரி வேகம் 52.08 ஆகிவிடும். பள்ளமும் 52.08 ஹேர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். 50 ஹேர்ட்ஸ் இரைச்சலில் ஏறத்தாழ 24இல் ஒரு பங்கு உள்ளே நுழையும். 10 மில்லிவோல்ற் இரைச்சல் வடத்தில் ஏறியிருந்தால் 0.4 மில்லிவோல்ற் மிஞ்சும். 10 வோல்ற் வீச்சை 24 பிட்டாகப் பிரிக்கும் ஏடிசிக்கு அது ஏறத்தாழ 700 படிகள்.

இதைவிட மோசமானது அந்த மிச்சம் திரையில் எடுக்கும் உருவம். வினாடிக்கு 52.08 முறை பார்க்கப்படும் 50 ஹேர்ட்ஸ் அலை, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமாக, வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை ஏறி இறங்கும் மெல்லிய அலையாகத் தோன்றும். காற்று தடவும் நீர்ப்பரப்பில் ஓடும் சிற்றலைகளும் அந்த மீடிறனில்தான் இருக்கும். வினாடிக்கு இரண்டு என்றால் அலைநீளம் 40 சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வற்றாப்பளைக் கரையில் நின்று பார்ப்பவர் எவரும் இப்படியான அலையைக் கண்டிருப்பார். ஆகவே பதிவைப் பார்க்கும் மாணவர் அதைக் களப்பின் அலை என்றே நம்புவார். சந்தேகப்பட அவருக்குக் காரணமே இல்லை. நேரக் கணக்கும் சேர்ந்தே கெடும். மாதிரிகளை எண்ணி நேரம் கணித்தால், 24 மணித்தியாலப் பதிவு 25 மணித்தியாலமாக நீண்டு நிற்கும்.

ஜெனரேற்றர் ஓடும் இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. சிறிய ஜெனரேற்றரின் மீடிறன் சுமையைப் பொறுத்து அலையும். சுமை குறையும்போது 52 ஹேர்ட்ஸ் வரை ஏறுவது வழமை. கிளொக் சரியாக இருந்தாலும் அப்போது இரைச்சல் பள்ளத்துக்குத் தப்பிவிடும். அந்த நேரங்களில் பதிவுக் கருவியையும் மடிக்கணினியையும் பற்றரியில் ஓட்டுவதே சரியான வழி.

மாணவர்களின் செயற்றிட்டங்களில் அதிகம் காணப்படும் ஏடிஎஸ்1115 என்ற ஏடிசி பற்றியும் ஒரு வார்த்தை. கிளொக்கைத் தரும் அதன் அலையியற்றி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. மாதிரி வேகம் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தரவுத்தாளே ஒப்புக்கொள்கிறது. அதை வைத்து நேரத்தை எண்ணக் கூடாது. நேரத்துக்குத் தனியாக ஒரு மணிக்கூட்டுச் சிப் வேண்டும். மில்லியனில் 20 பங்கு பிழையுள்ள சாதாரணப் பளிங்கு கூட நாளொன்றுக்கு இரண்டு வினாடிக்குள்தான் தவறும்.

வேகமான ஏடிசிகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே கிளொக்கின் சராசரி மீடிறனைவிட, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் தவறி வருகிறது என்பதே, அதாவது ஜிட்டரே, விதியைத் தீர்மானிக்கிறது. ஒரு பிக்கோசெக்கன் ஜிட்டர் இருந்தால், 10 மெகாஹேர்ட்ஸ் உள்ளீட்டுக்குச் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் 84 டெசிபெலைத் தாண்டாது. 100 மெகாஹேர்ட்ஸில் அது 64 ஆகக் குறையும். ஊட்டியில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கி வேலைசெய்யும் 326.5 மெகாஹேர்ட்ஸை நேரடியாக மாதிரி எடுத்தால் 54க்கு அருகில் நிற்கும். 14 பிட் ஏடிசியின் கொள்கையளவு எல்லை 86 டெசிபெல். பணம் கொடுத்து வாங்கிய பிட்டுகளில் ஐந்தைக் கிளொக்கே விழுங்கிவிடுகிறது. மாதிரி வேகத்தைக் குறைத்தால் ஜிட்டரின் தீங்கு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தீங்கு உள்ளீட்டின் மீடிறனோடுதான் ஏறும்.

இங்கேதான் வழக்கமான பிழைதேடும் முறைகள் நம்மை ஏமாற்றுகின்றன, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பலகை சரியா என்று பார்க்க ஏடிசியைச் சோதனைக் கோலம் அனுப்பச் சொல்வார்கள். ஒன்று ஒன்றாக ஏறும் எண்வரிசை பிசகாமல் வந்தால், தரவுப் பாதை சரி என்று பொருள். கிளொக்கின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அடுத்து, உள்ளீட்டைக் குறுஞ்சுற்றாக்கி இரைச்சலை அளப்பார்கள். அதுவும் அழகாக வரும், ஏனென்றால் அசையாத வோல்ற்றளவைச் சற்று முந்தியோ பிந்தியோ பார்த்தாலும் அதே எண்தான் கிடைக்கும். ஜிட்டர் வேகமாக ஏறி இறங்கும் சமிக்ஞையில் மட்டுமே வெளிப்படும். ஆகவே செய்ய வேண்டிய சோதனை வேறு. வீச்சை மாற்றாமல் உள்ளீட்டு மீடிறனை இரட்டிப்பாக்குங்கள். இரைச்சல் தளம் 6 டெசிபெல் ஏறினால் குற்றவாளி கிளொக். வீச்சைக் குறைக்கும்போது இரைச்சலும் கூடவே இறங்கினால் அதுவும் அதே சாட்சி. இரண்டிலும் மாற்றமில்லை என்றால் மின்வழங்கலையும் உள்ளீட்டுப் பெருக்கியையும் பாருங்கள்.

மென்பொருளில் மாதிரி வேகம் எழுதும் பெட்டி இன்னொரு பொறி. பல பலகைகளில் அந்த எண் வன்பொருளைத் தொடுவதே இல்லை. வரைபடத்தின் அச்சைக் குறிக்க மட்டுமே அது பயன்படுகிறது. பலகையில் 80 மெகாஹேர்ட்ஸ் ஓட, பெட்டியில் 100 என்று இருந்தால், 10 மெகாஹேர்ட்ஸ் அலை 12.5இல் நிற்கும். உண்மையான வேகத்தை மாற்றப் பலகையில் ஜம்பரை மாற்ற வேண்டும், அல்லது பூச்சிய ஓம் தடை ஒன்றைக் கழற்றி வேறிடத்தில் ஒட்ட வேண்டும், அல்லது கிளொக் சிப்பின் பதிவகங்களை எழுத வேண்டும். அனலொக் டிவைசஸின் ஏடி9250 போன்ற ஏடிசிகளில் வேகத்தை வினாடிக்கு 250இலிருந்து 200 மெகா மாதிரிக்கு இறக்கினால், தரவு வெளியேறும் இரண்டு தடங்களிலும் ஓடும் 5 கிகாபிட் வேகம் 4 ஆகும். தரவைப் பெறும் பக்கத்து எஃப்பிஜிஏ சிப்பின் அமைப்பையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் இணைப்பே எழாது. இந்தத் தோல்வி குறைந்தபட்சம் வெளிப்படையானது. நந்திக்கடலின் பொய்யலைபோல அது ஒளிந்திருக்காது.

ஆகவே என் தீர்ப்பு: மதிப்பீட்டுப் பலகையை வைத்துக் கற்பிப்பதும் அளப்பதும் சரியான வழக்கம், அதைக் கைவிடக் கூடாது. கிளொக் அமைப்பை வந்தபடியே விடுவது மட்டும் கைவிடப்பட வேண்டும். வன்னியில் நீர்மட்டம், உவர்ப்பு, மண் ஈரம் என்று அளக்க வேண்டியவை பெரும்பாலும் மெதுவானவை. அவற்றுக்கு வேகப் பலகைகளை வாங்கி ஜிட்டரோடு போராடத் தேவையே இல்லை. பளிங்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் தேவை.

செயற்றிட்டம் தொடங்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வரைபடத்தை எடுக்கும் முன் குறிப்புப் புத்தகத்தில் மூன்று எண்களை எழுதுங்கள்: பளிங்கில் பொறித்த மீடிறன், அலைவுகாட்டியில் நீங்கள் அளந்த மீடிறன், மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும் மீடிறன். அவற்றுக்குக் கீழே, கிளொக் எங்கே பிறந்து எந்தச் சிப்புகள் வழியாக ஏடிசிக்குப் போகிறது என்பதைக் கையால் வரையுங்கள். மதிப்பிடும் ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புள்ளி இட வேண்டாம்.