கம்பன் அங்கே எப்படி வந்தான்?

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் உமர்கய்யாம் பாடல்களில் ஒன்று தமிழ் ரசிகர்கள் பலருக்கு மனப்பாடம். நிழல், தென்றல், நிறைந்த மதுக்கலசம், தெய்விகமான இசை, பாடுவதற்கு அருகில் ஒரு துணை. இவ்வளவும் வாய்த்த பிறகு வேறு சொர்க்கம் எதற்கு என்று கேட்கிற பாட்டு அது. அதில் கையில் இருப்பது கம்பன் கவிதை. நிஷாப்பூரில் பிறந்த பாரசீகக் கணித மேதையின் பாட்டுக்குள் கம்பன் எப்படி வந்து உட்கார்ந்தான்?

மூலத்தில் இல்லை, ஆகவே பிழை என்று சுழித்துவிட்டுப் போவது பழைய வழக்கம். மொழிபெயர்ப்பு ஆய்வுக்குள் பண்பாட்டுக் கோட்பாடு நுழைந்தபின் அந்தச் சுழியில்தான் வாசிப்பே தொடங்குகிறது. சூசன் பாஸ்நெட்டும் ஆந்த்ரே லெஃபெவரும் 1990இல் தொகுத்த நூலில் இந்த மாற்றத்துக்குப் ‘பண்பாட்டுத் திருப்பம்’ என்ற பெயர் நிலைபெற்றது. சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்த்தது போதும். யாருக்காக, எந்தக் காலத்தில், எவர் ஆதரவில், எதை விட்டு எதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள் என்றார்கள். 1992இல் லெஃபெவர் மொழிபெயர்ப்பை ‘மறுஎழுத்து’ வகைகளில் ஒன்றாக வைத்து, அதை நடத்தும் விசைகளாகக் கருத்தியலையும் கவிதையியலையும் புரவலர் ஆதரவையும் சொன்னார். இந்தக் கேள்விகளோடு அந்தப் பாட்டின் மூன்று பிறவிகளையும் பார்க்கலாம்.

முதல் பிறவி பாரசீகத்தில். உமர் பெயரில் வழங்கும் அந்த ரூபாயியில் (நாலடிப் பாடலில்) கோதுமை ரொட்டி, பெரிய ஜாடி நிறைய மது, ஓர் ஆட்டுத்தொடை, பாழிடத்தில் காதலியோடு அமர்வு எல்லாம் உண்டு. எந்த சுல்தானுக்கும் கிட்டாத சுகம் இது என்று முடிகிறது. புத்தகம் இதில் கிடையாது. வேறொரு ரூபாயியில் இருக்கிறது.

இரண்டாம் பிறவி இங்கிலாந்தில். எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் நண்பர் கோவெலிடம் பாரசீகம் பயின்றவர். ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் 1460ஆம் ஆண்டுச் சுவடி ஒன்றைக் கோவெல் கண்டெடுத்துப் படியெடுத்துக் கொடுத்தார். அதில் 158 ரூபாயிகள். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆட்டுத்தொடையை எடுத்துவிட்டார், மற்றொரு ரூபாயியின் கவிதைப் புத்தகத்தை இங்கே கொண்டுவந்தார், சுல்தானை அகற்றிச் சொர்க்கத்தை வைத்தார். நூல் முழுவதற்கும் அவர் செய்தது இதுதான். ரூபாயி ஒவ்வொன்றும் தனிப்பாடல்; சுவடிகளில் இயைபின் கடைசி எழுத்தை வைத்து அகரவரிசையில் அடுக்குவது வழக்கம். அவரோ அவற்றை விடியலில் தொடங்கி நிலவில் முடிகிற ஒரே நாளாகக் கோத்தார். 1899இல் ஹெரான்-ஆலன் என்ற ஆய்வாளர் மூலச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, 49 பாடல்களுக்குத்தான் தனித்தனி மூலம் தெரிந்தது. 44 பாடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ரூபாயிகளின் கலவை.

1859இல் 250 பிரதிகள் அச்சாயின. மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லை. வாங்க ஆளில்லாமல் புத்தகம் பென்னி விலைப் பெட்டிக்குப் போனது. 1861இல் அது ரோஸெட்டி, ஸ்வின்பர்ன் போன்ற கவிஞர்கள் கைக்குப் போன பிறகே பேர் வந்தது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்ததும் அதே 1859இல்தான். நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்த விக்டோரிய மனத்துக்கு, தன் சந்தேகத்தைக் கீழைநாட்டு ஞானி ஒருவர் வாயால் கேட்பது சௌகரியமாக இருந்தது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 1857இல் கோவெலுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பாரசீகரிடம் இஷ்டம்போல உரிமை எடுத்துக்கொள்வது தமக்கு வேடிக்கையாக இருக்கிறது, இவர்களுக்குக் கொஞ்சம் கலை தேவைப்படுகிறது என்கிற தொனியில் பேசுகிறார். லெஃபெவர் இதைப் பிடித்துக்கொண்டார்: கிரேக்க, லத்தீன் மேதைகளிடம் இந்தக் கையாடல் நடக்குமா? ஆளுகிறவனின் மிதப்பு அது. தேஜஸ்வினி நிரஞ்சனா போன்றவர்கள் காலனிய மொழிபெயர்ப்பு முழுவதிலும் இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டியிருக்கிறார்கள். வாதம் சரி, ஆனால் முழுவதும் சரியில்லை. இதே ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்பெயினின் கால்டெரானையும் கிரேக்கத்தின் ஏஸ்கிலஸையும்கூட வெட்டி ஒட்டித்தான் கொடுத்தார். அவருக்குச் சுதந்திரம் சுபாவம். பாரசீகர் விஷயத்தில் அந்தச் சுபாவத்தோடு ஏளனமும் சேர்ந்துகொண்டது. கோட்பாட்டைக் கையில் எடுக்கிறவர் ஆளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பிறவி தமிழில். கவிமணி ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தையே பின்பற்றினார். சுல்தான் வராமல் சொர்க்கம் வருவதே அதற்குச் சாட்சி. ஆட்டுத்தொடை முன்பே போயிற்று. இங்கே ரொட்டியும் போயிற்று. வெயில் காய்கிற ஊருக்கு வேண்டிய நிழலும் தென்றலும் வந்தன. இசை தெய்விகம் ஆயிற்று. பெயரில்லாத புத்தகத்துக்குக் கம்பன் என்று பெயர் கிடைத்தது.

இங்கே கவிதையியல் என்று லெஃபெவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம். பாரசீகமும் ஆங்கிலமும் அடியின் முடிவில் ஓசையை வைத்தன. கவிமணியின் விருத்தம் அடியின் தொடக்கத்தில் எதுகையாகவும் அடிக்குள் மோனையாகவும் வைக்கிறது. ‘கை’ என்று தொடங்கும் அடியில் கலசம் வந்தால் கம்பனும் வரத் தடையில்லை. எல்லாம் ககர மோனை. அப்படியானால் யாப்புதான் கம்பனை அழைத்து வந்ததா? பாதிதான். அந்த இடம் மாச்சீர் கேட்கிறது. கம்பன் தேமா, கபிலன் புளிமா, இரண்டும் செல்லும். பாரியோடு கூடியிருந்த கபிலன் மதுக்கலசத்துக்குப் பொருத்தமானவனும்கூட. யாப்பு கதவைத் திறந்தது. உள்ளே யார் வருவது என்று முடிவு செய்தது காலம்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது? காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் விழாவைத் தொடங்கிவிட்டார். ரசிகமணி டி.கே.சி. வாய் ஓயாமல் கம்பனைப் பாடிக்கொண்டிருந்தார். மறுபக்கம் 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மேடையில் மோதினார்கள். உமர்கய்யாம் பாடல்கள் நூலாக வந்தது 1945இல். கவிமணி மனத்தில் இருந்ததை நாம் சொல்ல முடியாது. ஆனால் கம்பனை வைத்து ஊரே இரண்டுபட்டிருந்தபோது, இன்பத்தின் பட்டியலில் அவனை மதுவோடும் காதலோடும் சேர்த்து வைத்த பாட்டை வாசகர்கள் சும்மா படித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, உரிமை எடுத்துக்கொண்ட திசை. ஃபிட்ஸ்ஜெரால்ட் மேலே நின்று பாரசீகத்தைத் திருத்தினார். தேரூர்க்காரரான கவிமணி, ஆளும் மொழியின் புகழ்பெற்ற நூலை எடுத்து, அனுமதி எதுவும் கேட்காமல் அதன் நடுவில் தம் கவிச்சக்கரவர்த்தியை உட்கார வைத்தார். செயல் ஒன்றுதான், அதிகாரக் கணக்கு தலைகீழ். இரண்டையும் ‘தழுவல்’ என்ற ஒரே பெட்டியில் போட்டால் இந்தச் சுவை போய்விடும்.

கோட்பாடு ரசனையைக் கொன்றுவிடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. காதில்லாதவர் கையில் அது நடக்கும். விருத்தத்தின் ஓசை தெரியாமல் கருத்தியலை மட்டும் தேடினால் கம்பனும் கபிலனும் ஒன்றாகிவிடுவார்கள். கோட்பாடு அறவே இல்லாத ரசனையோ ‘ஆகா’வோடு நின்றுவிடும். அடுத்து ஒரு மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது, மூலத்தில் இல்லாத ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். குற்றம் சொல்ல அவசரப்படாமல், அதை அங்கே வைத்தது யாப்பா, காலமா, ஆளா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற கலைஞர் அந்த இடத்தில்தான் அகப்படுவார்.