இரண்டு கட்டை, ஒரு தாயம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்தத் தாயம் போதும். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். நிகழ்தகவைக் கற்றுத்தர இதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு கட்டைக்கு நான்கு முகங்கள்: 1, 2, 3 புள்ளிகள், ஒரு வெறுமுகம். தனியாக உருட்டினால் நான்குக்கும் சம வாய்ப்பு. இரண்டை உருட்டிக் கூட்டியதும் அந்தச் சமம் போய்விடுகிறது. மொத்தச் சேர்க்கை 16. அவற்றில் 3 விழ 4 வழி. 2, 4 விழ மும்மூன்று. 1 (இதுவே தாயம்), 5 விழ இரண்டிரண்டு. 6 விழ ஒரே வழி. இரண்டும் வெறுமுகமாகி 12 விழவும் ஒரே வழிதான். முதல் கட்டையில் 1, அடுத்ததில் வெறுமுகம் என்பதும் அதன் மறுதலையும் தனித்தனிச் சேர்க்கைகள். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையில் 9-ஐவிட 10 ஏன் கூடுதலாக விழுகிறது என்பதைக் கலிலியோ விளக்கியதும் இப்படி எண்ணித்தான்: 216-இல் 25 வழி, 27 வழி.

நடுத்தொகைகள் அடிக்கடி வருவதால்தான் யோசித்து ஆட முடிகிறது. எதிரிக் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் நின்றால் வெட்டும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆறு கட்டம் பின்னால் என்றால் பதினாறில் ஒன்று.

வெறுமுக இரட்டைக்கு 12 கொடுத்தது துணிச்சலான ஏற்பாடு. அதை 0 என்றே வைத்திருந்தால் ஓர் உருட்டின் சராசரி 3, இப்போது 3.75. 16-இல் ஒரு முறை விழுவது மொத்த நகர்வில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. ஆறு சோழி குலுக்கினாலோ, திறந்தும் கவிழ்ந்தும் விழ சம வாய்ப்பு என்று கொண்டால், 12 வருவது 64-இல் ஒன்று. தாயம் 64-இல் 6. விதி ஒன்றே என்றாலும் சோழியில் அது வேறு ஆட்டம். சோழியின் வடிவம் அந்தச் சம வாய்ப்பையும் உறுதி செய்யாது.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதிதான் எனக்கு ஒவ்வாதது. கட்டையில் அதன் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு உண்டு. சிறுபிள்ளை முகம் வாடி எழுந்துபோவது இந்த இடத்தில்தான். 5 விழுந்தாலும் இறங்கலாம் என்று வைத்துக்கொண்டால் அது 10 சதவீதமாகும். 12-இன் அருமையும் அப்படியே இருக்கும்.