கல்வெட்டில் பாதியை வாசிக்கும் மேடைகள்

சென்னை தியாகராய நகரில் நடக்கும் நீர்நிலைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், பழைய ஏரி ஒன்றின் படுகையிலோ அதன் கரையோரத்திலோதான் வந்து உட்காருகிறார்கள். மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்துவிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. பேச்சாளர் பழைய வரைபடத்தைத் திரையில் காட்டி, "நாம் இருப்பது இங்கே" என்று விரல் வைக்கும்போது அரங்கு நிமிர்ந்து உட்காரும். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதற்கு அறிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்லும் விளக்கத்தை அந்த ஒரு விரல் சொல்லிவிடுகிறது.

2015 வெள்ளத்துக்கும் 2019 கோடை வறட்சிக்கும் பிறகு இத்தகைய கூட்டங்கள் பெருகின. வரலாற்றைப் பேசி இன்றைய நீர்க்கொள்கையைக் கேள்வி கேட்கும் இந்த வழக்கம் தமிழ்நாட்டுக்குத் தேவையானது. 18ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டுப் பகுதியின் ஆவணங்களைத் தேடியெடுத்துப் பேசிய தரம்பால் அதற்கு நல்ல சான்று. ஊர் விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென ஊரிலேயே நின்றது என்று அந்த ஆவணங்கள் காட்டுகின்றன. இன்று ஓர் ஊராட்சியின் வருவாயில் எவ்வளவு அதன் ஏரிக்குப் போகிறது என்ற கேள்வி அங்கிருந்து தானாகவே எழுகிறது. கடந்த காலம் கொள்கைக்குப் பயன்படுவது இப்படித்தான்.

ஆனால் பல மேடைகள் அந்தக் கேள்வி வரைக்கும் போவதில்லை, பெருமையோடு நின்றுவிடுகின்றன.

உத்தரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைத் தொடாத பேச்சு அரிது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலையும், ஏரியைக் கவனித்த ஏரி வாரியமும் வந்ததும் கைதட்டல் எழும். கல்வெட்டின் மிச்சப் பகுதியைப் பலர் வாசிப்பதே இல்லை. வாரிய உறுப்பினராக, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஏரிக்கு மண் சுமந்தவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்ததே இல்லை. இதை மறைத்துவிட்டு 'ஊர் மக்களே ஆண்டார்கள்' என்று சொல்வது கேட்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

மறைக்கப்படும் பகுதியில் இன்றைக்குப் பயன்படும் சங்கதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவரோடு நிற்காமல் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், மாமன், அத்தை பிள்ளைகள், மைத்துனன் என்று நெருங்கிய உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர்களையும் அந்தக் கல்வெட்டு விலக்குகிறது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கத்தில் ஒரே குடும்பம் மாறி மாறி உட்காரும் ஊர்களில் இந்த விதியை உரக்க வாசித்தாலே போதும், கூட்டம் சூடு பிடித்துவிடும்.

குடிமராமத்து என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஊரார் மனமுவந்து ஒன்றுகூடி ஏரியைத் தூர்வாரினார்கள் என்ற சித்திரம் மேடையில் அழகாக இருக்கிறது. உண்மையில் அது பெரும்பாலும் கட்டாயக் கடமை. வழக்கப்படி உழைப்புத் தர வேண்டியவர் வராவிட்டால் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்று 1858ஆம் ஆண்டு மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் எழுதியே வைத்தது. மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். கண்மாய்களின் வரலாற்றில் அதிகாரமும் சாதியும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை டேவிட் மோஸ் 2003இல் விரிவான நூலாகவே எழுதியிருக்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2017இல் தமிழ்நாடு அரசு 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. சில ஏரிகளில் நீர் நின்றது உண்மை. சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலையை எடுத்தார் என்ற புகாரும் பல ஊர்களில் எழுந்தது. வேலை முடிந்த மறுநாளிலிருந்து மடையை யார் பார்ப்பது, அவருக்கு யார் கூலி தருவது? பழைய முறையின் உயிர் இருந்த இடம் அதுதான்.

இன்னொரு குறை, 1947இல் கதையை முடித்துவிடுவது. ஏரிகளை அழித்தவன் வெள்ளைக்காரன் என்பது பாதி உண்மை. தியாகராய நகருக்காக மாம்பலம் ஏரி வடிக்கப்பட்ட நாளிலேயே மாகாணத்தில் நீதிக்கட்சி அமைச்சரவை இருந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று வீட்டுவசதிக் குடியிருப்பின் பெயரிலேயே ஏரி மாட்டிக்கொண்டிருக்கிறது. நம்மவர் கையெழுத்திட்ட கோப்புகளைப் பேசாத பேச்சு இன்றைய அதிகாரி ஒருவரையும் உறுத்தாது.

கேள்வி நேரத்தையும் கவனிக்க வேண்டும். வாழ்த்துரைகள் நீண்டு, நன்றியுரைக்கு முன் பத்து நிமிடம் மிஞ்சுகிறது. கடைமடை விவசாயி ஒருவர் எழுந்து வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பைச் சொல்லத் தொடங்கும்போது ஒலிவாங்கி கை மாறிவிடுகிறது. நீர்க்கட்டி மேடை ஏறுவதே இல்லை.

இந்தக் கூட்டங்களில் சிலவற்றையாவது சித்திரை மாதத்தில், நீர் வற்றிய ஏரிக்கரையில் வைக்கலாம். அப்போது மடையின் வாய் வெளியே தெரியும். எந்தக் கல் வரைக்கும் வண்டல் ஏறியிருக்கிறது என்று நீர்க்கட்டி கால் வைத்துக் காட்டுவார். தூர்வாரும் பணியின் மதிப்பீட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதிய கனமீட்டர் அங்கே வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஊரே இறங்கி அளந்து பார்க்கலாம்.